போய்விட்டு வந்த பிறகும் மலக்குடலில் ஏதோ அடைத்து நிற்கிற மாதிரி இருக்கிறது – என்ன காரணமாக இருக்கும்?

விடிகாலை_நடை:

வணக்கம். இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வீட்டில் மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை.

வயது 46, ஆண், நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. நான்கு மாதமாக ஆசனவாய்க்குச் சற்று மேலே, உள்ளே ஒரு பந்து உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது. வலி என்று சொல்ல முடியாது. போக வேண்டும் போலத் தோன்றும், போய் உட்கார்ந்தால் கொஞ்சம்தான் வரும், சில நேரம் ஒன்றுமே வராது, எழுந்து கழுவிக்கொண்டு வெளியே வந்து பத்து நிமிடம் ஆகாது, மறுபடியும் அதே உணர்வு. ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை இப்படி ஓடுகிறேன். காலையில் மட்டும் அரை மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து முக்குகிறேன்.

மருந்துக் கடையில் கேட்டதற்கு மூலமாக இருக்கும் என்று ஒரு களிம்பு கொடுத்தார்கள். இரண்டு குழாய் தீர்ந்துவிட்டது, எந்த மாற்றமும் இல்லை. அப்புறம் நார்ச்சத்துப் பொடி வாங்கிச் சாப்பிட்டேன், அதில் வயிறு உப்பி அடைப்பு உணர்வு இன்னும் அதிகமானதுதான் மிச்சம். போன மாதம் இரண்டு தடவை துடைத்த காகிதத்தில் லேசாகச் சிவப்பாக இருந்தது.

மூலம் இல்லையென்றால் வேறு என்னவாக இருக்கும்? இணையத்தில் தேடினால் நேராகப் புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது, இரவில் தூக்கம் வரவில்லை. இந்த மாதிரி இருந்து சரியானவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

---

மூன்றாம்_மாடி:

எனக்கும் இருந்தது. தண்ணீர் நிறையக் குடித்து, காலையில் நடந்து, போனைக் கழிப்பறைக்கு எடுத்துப்போவதை நிறுத்தினேன், ஒரு மாதத்தில் குறைந்துவிட்டது. பயப்படாதீர்கள். ஆனால் சிவப்பாக வந்தது என்று சொல்கிறீர்களே, அதற்கு மட்டும் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

---

குடல்_பிரிவு:

பத்து வருடத்துக்கு மேலாகக் குடல், ஆசனவாய் நோய்களைப் பார்க்கிற மருத்துவர் நான். உங்களைப் பரிசோதிக்காமல் இதுதான் என்று சொல்ல முடியாது, ஆனால் என்னென்னவாக இருக்கலாம், எப்படிப் பிரித்துப் பார்ப்போம் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மலக்குடல் என்பது கிட்டத்தட்ட 12 முதல் 15 செ.மீ. நீளமுள்ள ஒரு பை. ஆசனவாய்க்கு உள்ளே சுமார் 2 செ.மீ. தாண்டிவிட்டால் கிள்ளினாலும் அறுத்தாலும் வலிக்கிற நரம்பு அங்கே இல்லை. அந்தப் பைக்குத் தெரிந்ததெல்லாம் விரிவதும் அழுந்துவதும்தான். அதனால் உள்ளே மலம் இருந்தாலும், சுவர் வீங்கியிருந்தாலும், மூலம் தொங்கினாலும், கட்டி இருந்தாலும், வெளியே இருந்து வேறு ஏதாவது அழுத்தினாலும், அது மூளைக்கு அனுப்புகிற செய்தி ஒன்றுதான்: இங்கே ஏதோ இருக்கிறது, வெளியே தள்ளு. நீங்கள் முக்கினால் இல்லாத மலம் எப்படி வரும்? முக்க முக்க சுவர் வீங்கும், வீங்க வீங்க அடைப்பு உணர்வு கூடும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டுதான் பலர் வருகிறார்கள்.

அதிகம் பார்ப்பது சாதாரண மலச்சிக்கல்தான். "தினமும் போகிறேன் டாக்டர், எனக்கு மலச்சிக்கல் இல்லை" என்பார்கள். எத்தனை தடவை போகிறீர்கள் என்பது ஒரு அளவுகோல்தான். நாங்கள் பயன்படுத்துகிற ரோம் அளவுகோலில் முக்குவது, கட்டியாகப் போவது, முழுதாகப் போகாத உணர்வு, அடைப்பு உணர்வு, விரலால் உதவி செய்ய வேண்டியிருப்பது, வாரத்துக்கு மூன்று தடவைக்கும் குறைவாகப் போவது என்று ஆறு அறிகுறிகள் உண்டு. இவற்றில் ஏதாவது இரண்டு, நான்கு தடவை போனால் ஒரு தடவைக்கு மேல் என்ற கணக்கில், சில மாதங்களாக இருந்தாலே அது மலச்சிக்கல் கணக்கில் வரும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே, உள்ளே மிச்சத்தைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் நிறைய.

அடுத்து உள்மூலம். அது வலிக்காது, அதனால்தான் பலருக்கு இருப்பதே தெரியாது. மலம் போகும்போது இறங்கி வந்து வாயிலை அடைத்துக்கொண்டு நிற்கும், பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் வரும். கடைக் களிம்பு வெளியே இருக்கிற எரிச்சலைத் தணிக்கலாம், உள்ளே இறங்குகிற மூலத்தை அது ஒன்றும் செய்யாது.

மூன்றாவதைப் பற்றித்தான் வெளியே யாரும் பேசுவதில்லை. மலக்குடலின் கீழ்ப்பக்கத்தைச் சுற்றி ஒரு தசை கவண் போல முன்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது, அதனால்தான் சாதாரண நேரத்தில் மலம் இறங்காமல் நிற்கிறது. வெளிக்குப் போகும்போது அந்தத் தசை தளர வேண்டும், அப்போது வளைவு நேராகும், மலம் இறங்கும். சிலருக்கு முக்குகிற நேரத்தில் அது தளர்வதற்குப் பதிலாக இறுகுகிறது. கதவை உள்பக்கம் தாழ் போட்டுவிட்டு வெளியே வரத் தள்ளுவது போலத்தான். இவர்களுக்குத்தான் மலம் மெத்தென்று இருந்தாலும் வராது, நார்ச்சத்து எடுத்தால் உள்ளே அளவு கூடி உப்புசம் அதிகமாகும். நீங்கள் சொன்ன பொடிக் கதையைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது, ஆனால் பொடியை முதல் நாளே முழு அளவில் ஆரம்பித்தாலும், தண்ணீர் போதாமல் எடுத்தாலும் இப்படி ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மலக்குடல் அழற்சியும் இந்த உணர்வைத் தரும். பெருங்குடலில் புண் வருகிற அழற்சி நோய் (அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்), சீதபேதி, பாலுறவு வழித் தொற்று, அடிவயிற்றில் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு வருகிற வீக்கம் எல்லாம் இதில் அடக்கம். இதில் பெரும்பாலும் சளியும் ரத்தமும் சேர்ந்து வரும், அடிக்கடி ஓட வேண்டியிருக்கும், போனால் ஒரு ஸ்பூன் அளவுதான் வரும். நீண்ட நாள் முக்குகிறவர்களுக்கு மலக்குடல் தனக்குள்ளேயே மடிந்து இறங்கும், மடிகிற இடத்தில் புண் வரும், அந்தப் புண்ணே மறுபடியும் முக்க வைக்கும். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பி வீங்கினாலும் பந்தின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும், பெண்களுக்குக் கருப்பைக் கட்டியோ இறக்கமோ பின்பக்கம் அழுத்தினாலும் அப்படித்தான். உட்கார உட்கார மந்தமான வலியோடு அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிற தசை இறுக்கம் ஒன்று உண்டு. துடிக்கிற மாதிரி வலியும் காய்ச்சலும் இருந்தால் சீழ்க்கட்டியாக இருக்கலாம், அதற்கு அன்றைக்கே போக வேண்டும்.

கடைசியாக நீங்கள் பயப்படுகிற விஷயம். மலக்குடல் புற்றுநோயும் இந்த உணர்வோடு வரலாம், மறைக்க விரும்பவில்லை. ஆனால் இப்படி வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது இல்லை. உங்கள் வயது, நான்கு மாதமாக மாறிய பழக்கம், ரத்தம், மூன்றையும் சேர்த்து வைத்தால் பார்க்காமல் விடக்கூடாது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

சில கேள்விகள். மலம் எப்படி இருக்கிறது, ஆட்டுப் புழுக்கை மாதிரியா, கட்டியா, மெத்தென்றா, ரிப்பன் மாதிரி மெலிந்தா? எடை குறைந்ததா? வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா? நான்கு மாதத்துக்கு முன்னால் புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தீர்களா?

---

விடிகாலை_நடை:

டாக்டர், இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. இரண்டு தடவை படித்தேன்.

மலம் முதலில் வருவது புழுக்கை மாதிரி, பின்னால் கொஞ்சம் கட்டியாக. மெலிந்து வரவில்லை. எடை குறையவில்லை. அப்பாவின் அண்ணனுக்குக் குடலில் ஏதோ அறுவைச் சிகிச்சை நடந்தது, எதற்கு என்று எனக்குத் தெரியாது, கேட்கிறேன்.

மாத்திரை பற்றிக் கேட்டதும்தான் பொறி தட்டியது. இது ஆரம்பிப்பதற்கு முன்னால் முதுகு வலிக்கு மூன்று வாரம் டிராமடால் கலந்த மாத்திரை எடுத்தேன். அதோடு அசிடிட்டிக்கு ஒரு ஆன்டாசிட், கால்சியம் மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். கால்சியம் இன்னும் ஓடுகிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

---

குடல்_பிரிவு:

நிச்சயம் சம்பந்தம் இருக்கலாம். டிராமடால் ஓபியாய்ட் வகை (அபினி போல வேலை செய்கிற வலி மருந்து), குடலின் அசைவை மந்தப்படுத்தும். கால்சியம், அலுமினியம் கலந்த ஆன்டாசிட், இரும்புச்சத்து மாத்திரை, வெராப்பமில் போன்ற சில ரத்த அழுத்த மருந்துகள், மனநலத்துக்குத் தருகிற சில மாத்திரைகள் எல்லாம் மலத்தை இறுக்கும். பலருக்கு இப்படித்தான் ஆரம்பிக்கிறது: மாத்திரையால் சில வாரம் கட்டியாகப் போகிறது, அதைத் தள்ள முக்கிப் பழகுகிறார்கள், மாத்திரை நின்ற பிறகும் முக்குகிற பழக்கம் நிற்பதில்லை. கால்சியம் இன்னும் தேவையா என்று கொடுத்தவரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

முதுகு வலி என்று சொன்னதால் இன்னொரு கேள்வி, இதற்கு இன்றைக்கே பதில் வேண்டும். தொடைகளின் உள்பக்கம், பிறப்புறுப்பைச் சுற்றி, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போன மாதிரி இருக்கிறதா? சிறுநீர் வர மறுக்கிறதா, அல்லது தெரியாமல் கசிகிறதா? கால் பலம் குறைந்ததா? இதில் ஒன்று இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், அது முதுகுத்தண்டின் அடியில் நரம்புகள் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம்.

---

விடிகாலை_நடை:

இல்லை டாக்டர், மரப்பு எதுவும் இல்லை. சிறுநீர் சாதாரணமாகப் போகிறது. முதுகு வலியும் இப்போது இல்லை.

---

தாழம்பூ:

நான் ஒரு பெண், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். இங்கே பெண்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்காக எழுதுகிறேன்.

இரண்டாவது பிரசவம் ஆயுதம் போட்டு எடுத்தது. அதற்கு மூன்று வருடம் கழித்து இதே உணர்வு வந்தது. மலம் வாசல் வரைக்கும் வந்து நிற்கும், முக்கினால் பின்னால் போவதற்குப் பதிலாக முன்பக்கம், பெண்ணுறுப்புப் பக்கம் புடைத்துக்கொண்டு வரும். ஒரு நாள் தற்செயலாக அந்தப் புடைப்பை விரலால் உள்ளே அழுத்திப் பிடித்தேன், உடனே மலம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஒன்றரை வருடம் இதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படிக் கேவலமாக ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, விசேஷங்களுக்குப் போனால் மற்றவர் வீட்டில் தங்கவே மாட்டேன்.

கடைசியில் வேறு எதற்கோ மகப்பேறு மருத்துவரிடம் போனபோது அவரே கேட்டார், "மோஷன் போகும்போது விரலால் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறதா அம்மா?" என்று. அங்கேயே அழுதுவிட்டேன். மலக்குடலுக்கும் பெண்ணுறுப்புக்கும் நடுவில் இருக்கிற சுவர் பிரசவத்தில் தளர்ந்து, மலக்குடல் முன்பக்கம் பை மாதிரி புடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். ரெக்டோசீல் என்று அதற்குப் பெயர். இதற்குப் பேர் உண்டு, எத்தனையோ பெண்களுக்கு இருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் பாதி மருந்து.

எனக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை. இடுப்புத் தளத் தசைகளுக்குப் பயிற்சி தருகிற பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார்கள். மலம் இளகுவதற்கு மருந்து, எடை தூக்குவதைக் குறைக்கச் சொன்னார்கள். இன்னும் முழுதாகப் போகவில்லை, ஆனால் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் கையை வைக்க வேண்டியிருக்கிறது. நான் செய்ததில் தவறு எதுவும் இல்லை, அப்படித் தாங்கிப் பிடிப்பதையே டாக்டர்கள் ஒரு வழியாகச் சொல்லித் தருகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. முடிந்தால் வீட்டில் மனைவியிடம் சொல்லுங்கள் அண்ணா. தனியாக வைத்துக்கொண்டிருப்பதுதான் இதில் பெரிய பாரம்.

---

கடலோரம்:

டாக்டர் சொன்ன மூன்றாவது வகை நான்தான். தசை தளராதவன்.

ஆறு வருடம் மூலம் என்றே நினைத்து வாழ்ந்தேன். ஒரு தடவை மூலத்துக்கு ரப்பர் வளையம்கூடப் போட்டார்கள், ரத்தம் நின்றது, அடைப்பு உணர்வு அப்படியே இருந்தது. கொலனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தார்கள், சுத்தமாக இருக்கிறது என்றார்கள். சுத்தமாக இருக்கிறது என்று கேட்கும்போது சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை, ஏனென்றால் உணர்வு போகவில்லையே. எல்லாம் மனசுதான் என்று ஒருவர் சொன்னார். அது ரொம்ப வலித்தது.

அப்புறம் ஒரு குடல் மருத்துவர் இரண்டு பரிசோதனை எழுதினார். ஒன்று மானோமெட்ரி, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே வைத்து அழுத்தத்தை அளப்பது. இன்னொன்று பலூன். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெயரைக் கேட்டுப் பயந்து இரண்டு தடவை தள்ளிப்போட்டேன், பயப்பட அதில் ஒன்றுமே இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு சிறிய பலூன், அதை உள்ளே வைத்து 50 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்புவார்கள். திரைக்குப் பின்னால் கழிப்பறை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ஒரு கடிகாரத்தோடு செவிலியர் வெளியே நிற்பார். நீங்கள் அதைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். நான் நான்கு நிமிடம் முக்கினேன், வேர்த்து ஊற்றியது, பலூன் நகரவே இல்லை. அதை வெளியே இழுத்து எடுத்துவிட்டு அந்தச் செவிலியர் சொன்னார், "உங்களுக்கு ஏன் போகவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது." ஆறு வருடத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

சிகிச்சை பயோஃபீட்பேக். ஆசனவாயில் ஒரு சின்ன சென்சார் வைத்து, தசை இறுகுவதையும் தளர்வதையும் திரையில் ஒரு கோடாகக் காட்டுவார்கள். நான் முக்கும்போது கோடு இறங்க வேண்டும். என் கோடு மேலே ஏறியது. எனக்குத் தெரியாமலே வாழ்நாள் முழுக்கத் தப்பாகத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்! மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்குவதை நிறுத்தி, வயிற்றைப் பக்கவாட்டில் விரித்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல வாயால் மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டே தள்ளச் சொன்னார்கள். முதல் இரண்டு தடவை ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது தடவை கோடு கொஞ்சம் இறங்கியது, அந்த இடத்தில் ஏதோ அவிழ்வது போல இருந்ததை இப்போதும் ஞாபகம் வைத்திருக்கிறேன். மொத்தம் ஆறு அமர்வு, வீட்டில் தினமும் பயிற்சி.

இப்போது செய்வது: சாப்பிட்டு இருபது, முப்பது நிமிடத்தில் போய் உட்காருவேன், அந்த நேரத்தில் குடல் தானாகவே அதிகமாக அசையும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு பலகை, முழங்கால் இடுப்பைவிட மேலே இருக்க வேண்டும், உடம்பு கொஞ்சம் முன்னால் சாய வேண்டும். ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. வரவில்லையென்றால் எழுந்துவிடுவேன். இந்த எழுந்துவிடுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் உணர்வு "இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அதை நம்பாமல் எழுந்து வரப் பழக மூன்று மாதம் ஆனது.

---

நீலக்குடை:

கடலோரம் அண்ணா எழுதியதெல்லாம் சரி, ஆனால் யாரும் அதைப் படித்துவிட்டு, ஓ, தசைதான் போலிருக்கிறது என்று வீட்டிலேயே பயிற்சி ஆரம்பித்துவிடாதீர்கள். அவர் கொலனோஸ்கோபி செய்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அந்த வழிக்குப் போனார்.

என் அப்பாவுக்கு 58 வயதில் இதே உணர்வு. காலையில் மூன்று நான்கு தடவை போவார், திருப்தியே இல்லை என்பார், லேசாக ரத்தம். மூலம் என்று ஒருவர் மாத்திரை கொடுத்தார், இன்னொருவர் களிம்பு கொடுத்தார். எட்டு மாதம் ஓடியது. அந்த எட்டு மாதத்தில் ஒருவர்கூடக் கையுறை போட்டு ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்க்கவில்லை. அப்பாவும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார், கூச்சம். கடைசியில் ரத்த சோகை வந்து வேறு மருத்துவமனைக்குப் போனபோது அங்கே இருந்த இளம் மருத்துவர் பார்த்தார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கட்டி விரலில் தட்டியது. ஆசனவாயிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் இருந்தது.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். கதிர்வீச்சு, கீமோ, அறுவைச் சிகிச்சை, சில மாதம் மலம் சேர வயிற்றில் ஒரு பை எல்லாம் தாண்டி வந்துவிட்டார். எட்டு மாதம் முன்னால் அந்த ஒரு நிமிடம் நடந்திருந்தால் இதில் எவ்வளவு தேவைப்பட்டிருக்காது என்று யோசிக்காத நாள் இல்லை.

அதனால் விடிகாலை_நடை சார், போகும்போது நீங்களே கேளுங்கள், "விரலால் பரிசோதித்துப் பார்ப்பீர்களா?" என்று. கேட்க வெட்கமாக இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பார்க்காமல் மூலம் என்று எழுதிக் கொடுத்தால் வேறு டாக்டரிடம் போங்கள்.

---

குடல்_பிரிவு:

நீலக்குடை சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. விரல் சுமார் 7, 8 செ.மீ. வரைக்கும் எட்டும். கட்டி, இறுகிய மலம், புராஸ்டேட், முன்சுவர்ப் புடைப்பு, முக்கச் சொன்னால் தசை தளர்கிறதா இறுகுகிறதா, இத்தனையும் அந்த ஒரு பரிசோதனையில் தெரிந்துவிடும். விரலுக்கு எட்டாததைப் பார்க்கத்தான் மற்றதெல்லாம். இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள், வழுவழுப்பான ஜெல் தடவித்தான் செய்வார்கள். வாயால் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் வலிக்காது. வலித்தால் சொல்லுங்கள், ஆசனவாயில் வெடிப்பு, சீழ்க்கட்டி போல ஏதாவது இருந்தால் அப்படி வலிக்கலாம், அதுவும் எங்களுக்கு ஒரு தகவல்.

---

மழைத்தூறல்:

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன், மன்னிக்கவும். அம்மாவுக்கு 74 வயது, இடுப்பு எலும்பு முறிந்து ஒன்றரை மாதமாகப் படுக்கையில்தான். அடியில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று ஓயாமல் சொல்கிறார். ஆனால் நான்கு நாளாகத் தண்ணீராகப் போகிறது, துணியிலேயே கசிந்துவிடுகிறது. வயிற்றுப்போக்கு நிற்க மாத்திரை கொடுக்கலாமா?

---

குடல்_பிரிவு:

கொடுக்காதீர்கள். படுக்கையில் இருக்கிற வயதானவருக்கு அடைப்பு உணர்வும் தண்ணீராகக் கசிவதும் ஒன்றாக இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மலம் கல் மாதிரி இறுகி மலக்குடலை அடைத்துக்கொண்டிருப்பதைத்தான். மேலே இருக்கிற தண்ணீர் மலம் அந்தக் கட்டியைச் சுற்றிக் கசிந்து வருகிறது, பார்க்கிறவர்களுக்கு வயிற்றுப்போக்கு மாதிரி தெரியும். நிறுத்துகிற மாத்திரை கொடுத்தால் கட்டி இன்னும் இறுகும். அம்மா சொல்வதை நம்புங்கள், அவர் சரியாகத்தான் சொல்கிறார். இன்றோ நாளையோ ஒரு மருத்துவரோ செவிலியரோ வீட்டுக்கு வந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள், விரலால் பார்த்து, எனிமா கொடுத்தோ கையால் உடைத்தோ எடுப்பார்கள். எலும்பு முறிவு வலிக்கு என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள் என்பதையும் காட்டுங்கள். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

---

மழைத்தூறல்:

செவிலியர் வந்து பார்த்துவிட்டுப் போனார். நீங்கள் சொன்னது அப்படியே. இரண்டு நாள் எனிமா கொடுத்து எடுத்தார்கள். அம்மா நேற்று இரவு ஒரு மாதத்துக்குப் பிறகு முழுதாகத் தூங்கினார். உங்களுக்குக் கோடி புண்ணியம் டாக்டர்.

---

விடிகாலை_நடை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

தாழம்பூ சகோதரி எழுதியதைப் படித்த அன்றைக்கு இரவே மனைவியிடம் சொன்னேன். அவள் கோபப்பட்டாள், நான்கு மாதம் ஏன் மறைத்தீர்கள் என்று. மறுநாள் அவளே போன் போட்டு நேரம் வாங்கினாள். பெரியப்பா வீட்டிலும் கேட்டோம், அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய்தான், 70 வயதுக்கு மேல் வந்தது. அதையும் எழுதிக்கொண்டு போனேன்.

நான் கேட்பதற்கு முன்பே டாக்டர் விரலால் பரிசோதித்தார். அப்புறம் சின்னக் குழாய் விளக்கு வைத்துப் பார்த்தார். உள்மூலம் இரண்டாவது நிலையில் இருக்கிறது, தானாக உள்ளே போய்விடுகிற வகை. முக்கச் சொன்னபோது தசை சரியாகத் தளரவில்லை என்றும் சொன்னார். நான்கு நாள் கழித்துக் கொலனோஸ்கோபி. முந்தைய நாள் குடித்த மருந்துதான் கஷ்டம், பரிசோதனை தூக்கத்திலேயே முடிந்துவிட்டது. மேலே, இடது பக்கத்தில், 5 மில்லிமீட்டரில் ஒரு பாலிப் (குடல் சுவரில் வளர்கிற சின்னச் சதை) இருந்தது, எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டிருந்தால் பிற்காலத்தில் மாறக்கூடிய வகை என்று சொல்லி, அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் அடைப்பு உணர்வுக்கும் அந்தப் பாலிப்புக்கும் சம்பந்தம் இல்லையாம். இந்த உணர்வு வராமலே இருந்திருந்தால் அதைப் பார்த்திருக்கவே மாட்டோம்.

கால்சியத்தை நிறுத்திவிட்டார்கள். இரவில் மலம் இளக்குகிற பொடி, தண்ணீரில் கலந்து. நார்ச்சத்தைக் கால் பங்கில் ஆரம்பித்து வாரத்துக்கு வாரம் கூட்டச் சொன்னார். போன் இப்போது கழிப்பறைக்கு வருவதில்லை. ஒரு பலகை செய்து வைத்திருக்கிறோம், மகனும் அதைப் பயன்படுத்துகிறான். பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறேன். பந்து மாதிரி உணர்வு இன்னும் இருக்கிறது, ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஓடியது இரண்டாகியிருக்கிறது, மதியத்துக்கு மேல் சில நாள் அது நினைவிலேயே இல்லை.

அடுத்த வியாழக்கிழமை பலூன் பரிசோதனை. கடலோரம், நீங்கள் எழுதியதை அச்செடுத்து வைத்திருக்கிறேன். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா, வெறும் வயிற்றோடு போக வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

---

கடலோரம்:

எனக்குச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றார்கள், காலையில் ஒரு சின்ன எனிமா மட்டும் வைக்கச் சொன்னார்கள். இடத்துக்கு இடம் மாறலாம், அதனால் முந்தைய நாள் ஒரு தடவை போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். தளர்வான உடை போட்டுப் போங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.